பெயர் என்ற கட்டம்

மீனம்பாக்கத்தில், பழைய கூடாரத்துக்குப் பின்னால்
மூன்று மழைக்காலமாக நிற்கிறது.
டயரில் காற்றில்லை.
இடது எஞ்சின் வாய்க்குள் மைனா கூடு.
நிறுத்தக் கட்டணமே இருபத்தேழு லட்சம் பாக்கி.
முதலாளி துபாயில் என்று கோப்பு சொல்கிறது.
திருப்போரூரில்தான் இருக்கிறார் என்கிறார்
காவலாளி பிச்சாண்டி.

ஏலப் பட்டியல் எழுத வந்தவள் நான்.
படிவத்தில் பதினோரு கட்டம்.
முதலாவது, பொருளின் பெயர்.
ஒரு விரற்கடை இடம்தான் விட்டிருக்கிறார்கள்.

எதை எழுத?

அறுபத்திரண்டு ஆகஸ்டில்
ஹாட்ஃபீல்டு ஓடுதளத்தை விட்டு
இந்த வம்சத்தின் முதலாவது எழும்பியபோது
டி ஹாவிலண்ட் 125.
வரைபடத்தாளில் இருந்தவரை ஜெட் டிராகன்.
பெற்ற கம்பெனியை அதற்குள்
வேறொரு கம்பெனி விழுங்கியிருந்தது.
மறு வருடமே ஹாக்கர் சிட்லி என்றார்கள்.
அமெரிக்காக்காரனுக்கு மட்டும் பழைய பெயரிலேயே விற்றார்கள்,
கை மாறியதை மூச்சுவிடாமல்
பழைய போர்டையே துடைத்து மாட்டும்
ரங்கநாதன் தெரு பாத்திரக்கடை மாதிரி.

வாலருகே இரண்டு வைப்பர்.
வைப்பர் என்றால் விரியன்.
சீறல் அப்படி.
பல்லாவரத்தில் அந்நாளில் ஒன்று இறங்கினால்
பேச்சைப் பாதியில் நிறுத்தி,
போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோமென்று
பிச்சாண்டி சொல்வதை
பாதி நம்புகிறேன்.

பிறகு எண்கள்.
நானூறு. உடம்பை நீட்டி அறுநூறு.
விரியனைக் கழற்றிவிட்டு
சத்தம் குறைந்த, தாகம் குறைந்த
டர்போஃபேன் பூட்டியது எழுநூறு.
இதோ நிற்பது அதில் ஒன்று, எழுபத்தொன்பதில் பிறந்தது.
அதற்குள் சர்க்கார் கம்பெனி, பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ்.
எண்ணூறுக்கு வளைந்த கண்ணாடி, நீண்ட இறக்கை.
ஆயிரம் என்று பெயர் வைத்ததை
ஐம்பத்திரண்டோடு நிறுத்தினார்கள்.
தொண்ணூற்று மூன்றில் கடல் கடந்து விற்றார்கள்;
ரேதியான் வீட்டில் வெறும் ஹாக்கர்.
இன்னொரு கல்யாணம், பெயரோடு பீச்கிராஃப்ட்.
அப்புறம் திவால்.
இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பட்டறையில் விளக்கணைத்தார்கள்.

கதவோரம் பெயிண்ட் உரிந்த இடத்தில்
ஒரு சின்னத்துக்கடியில் இன்னொரு சின்னம்.
அதற்கடியில் பச்சை பிரைமர்.
லாக்புக்கில் மெட்ராஸ் வந்து சேர்ந்த தேதி.
நாலு பக்கம் தள்ளி, சென்னை.
ஊர் மாறவில்லை.
பயணப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் மட்டும்
எம்.ஏ.ஏ. இன்னும் எம்.ஏ.ஏ.தான்.

புதுப்பேட்டையிலிருந்து அஸ்கர் பாய் வந்திருந்தார்,
ஸ்ரீபெரும்புதூர் பொறியியல் கல்லூரி மேலாளரும்.
கல்லூரிக்கு முழுசாக வேண்டும்,
வாசலில் நிறுத்தினால் அட்மிஷன் கூடுமாம்.
பாய்க்கு கிலோக் கணக்கு.
"அலுமினியம் எவ்ளோ தேறும் மேடம்?
சீட்டு பத்துத்தானா? தோலு ஒரிஜினலா?"
சீட்டு எட்டு என்றேன்.
எட்டில் ஒன்றில்
யாரோ குழந்தை பேனாவால் சூரியன் வரைந்திருந்தது.
அதற்குக் கட்டமில்லை.

கடைசியில் எழுதினேன்:
விமானம், பழையது, ஒன்று.

கீழே கையெழுத்து.
அரசிதழில் பெயர் மாற்றி ஏழு வருடம்.
பேனா இன்னும்
அந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்தில்தான் இறங்குகிறது.
அடித்துவிட்டு எழுதினேன்.
அடித்ததற்கும் ஒரு சுருக்கொப்பம் கேட்பார்கள்.
போட்டேன்.

அஸ்கர் பாய் போகும்போது
ஸ்கூட்டர் சாவியால் அதன் வயிற்றில்
இரண்டு தட்டு தட்டி, காது வைத்துக் கேட்டார்.
மைனா வெளியே வந்து
யாரென்று பார்த்துவிட்டு
உள்ளே போனது.